டிணுக்

ஜி கம்பியை முறுக்கும்போதெல்லாம் என் கிட்டாரின் தலைப்பக்கத்திலிருந்து 'டிணுக்' என்று ஒரு சத்தம் வரும். சுருதி காட்டும் ட்யூனரின் முள் அசையாமல் நிற்கும். கம்பியை இறுக்கும் கீயை இன்னும் கொஞ்சம் திருப்பினால் டிணுக், முள் நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் விழும். சரி, கொஞ்சம் தளர்த்துவோம் என்றால் மறுபடி நிற்கும், மறுபடி டிணுக், இந்தப் பக்கம். 15 வருடம் இது ஒரு நோயின் அறிகுறி என்று எனக்குத் தோன்றவே இல்லை. சில கதவுகள் கிறீச்சிடும், சிலருக்குத் தொண்டையைச் செருமும் பழக்கம் இருக்கும், இந்தக் கிட்டாருக்கு டிணுக். அப்படித்தான் விட்டிருந்தேன்.

அதை அன்றே காது கொடுத்துக் கேட்டிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. கம்பிகளின் சுருதியை அசைக்கும் ட்ரெமோலோ என்ற சாதனத்தைப் புதிதாக ஒன்றல்ல, இரண்டு வாங்கி, ட்யூனிங் கீ ஆறையும் மாற்றி, கிட்டாரின் உடம்பில் தேவையில்லாத ஓர் ஓட்டையும் போட்டபிறகுதான் கேட்டேன்.

கிட்டார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் (சுருக்கமாக ஸ்ட்ராட்) பார்த்துச் செய்த எண்ணற்ற நகல்களில் ஒன்று. தலையில் இருந்த பெயரை யாரோ முன்பே சுரண்டி எடுத்திருந்தார்கள். பின்பக்க மூடியைக் கழற்றினால் குழியின் சுவரில் அடுக்கடுக்காகக் கோடு தெரியும், அதாவது பிளைவுட். விற்றால் ஒன்றும் தேறாது. ஆனால் அதன் கழுத்து என் இடது கைக்குப் பழகிப்போனது. விளக்கு இல்லாத அறையிலும் ஏழாவது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) எங்கே என்று கட்டைவிரலுக்குத் தெரியும். இதைவிட நல்ல கிட்டார்களை எடுத்து வாசித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு முன் வைத்திருந்தவர் ட்ரெமோலோவை நம்பாதவர் போலிருக்கிறது. பின்னால் ஐந்து ஸ்பிரிங்கையும் மாட்டி, இழுத்து முறுக்கி, கம்பிகள் மாட்டியிருக்கும் பிரிட்ஜ் தகடு உடம்போடு ஒட்டிப் படுத்திருக்கும்படி செய்துவைத்திருந்தார். இது அவமானத்துக்குரிய காரியம் இல்லை. புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனே ஐந்து ஸ்பிரிங் போட்டு, உள்ளே ஒரு மரக்கட்டையையும் திணித்து, ட்ரெமோலோ அசையாமல் கட்டிவைத்தவர்தான். நானும் ட்ரெமோலோவை அசைக்கும் கைப்பிடியான பாரைக் கழற்றிப் பெட்டியின் மூலையில் போட்டுவிட்டு மறந்துபோனேன்.

பிறகு ஒருநாள் ஆசை வந்தது. பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் ஒரு கார்டை மீட்டிவிட்டு, அது அடங்கிவரும் நேரத்தில் பாரை இரண்டு விரலால் லேசாகத் தொட்டால், ஆறு கம்பியும் சேர்ந்து நீர்ப்பரப்பு போல ஒருதரம் அலைந்து நிற்கும். இடது கை விரலால் ஒரு கம்பியை வளைக்கலாம், கொஞ்சம் கெட்டிக்காரர்கள் இரண்டை வளைப்பார்கள். முழுக் கார்டையும் கமகம் மாதிரி அசைக்க விரல் போதாது. 1969-இல் வுட்ஸ்டாக் இசை விழாவில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தபோது அதே பாரால் குண்டு விழும் ஓசையை எழுப்பினார். எனக்குக் குண்டு வேண்டாம், அலை போதும்.

இந்தச் சாதனத்தின் பெயரே ஒரு குளறுபடி. சுருதி ஏறி இறங்கினால் அது வைப்ரேட்டோ. ஒலியின் அளவு கூடிக் குறைந்தால்தான் ட்ரெமோலோ. லியோ ஃபெண்டர் 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டுவந்தபோது சுருதியை அசைக்கும் இந்தச் சாதனத்துக்கு ட்ரெமோலோ என்று பெயர் வைத்தார். அதே நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் ஒலியளவை அசைக்கும் எஃபெக்டுக்கு வைப்ரேட்டோ என்று பெயர் போட்டார்கள். இரண்டையும் கச்சிதமாக இடம் மாற்றி வைத்ததால் இன்றுவரை கடைக்காரர், வாசிப்பவர், பழுது பார்ப்பவர் எல்லாரும் ஒரே தவறைச் சேர்ந்து சொல்கிறோம். நானும் ட்ரெமோலோ என்றே எழுதுகிறேன்.

அது வேலை செய்யும் விதம் ஒரு தராசு. முன்னால் ஆறு கம்பிகள் இழுக்கின்றன. 10-46 தடிமன் கம்பி செட்டைப் போட்டால் ஆறும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுவிசை. பின்னால் குழிக்குள் வழக்கமாக மூன்று ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. இரண்டும் சமமாகும் இடத்தில் பிரிட்ஜ் மிதந்து நிற்கும். பாரை அழுத்தினால் தராசு முன்பக்கம் சாயும், கம்பிகள் தளர்ந்து சுருதி இறங்கும். கையை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துவரும்.

இந்த 'பழைய இடத்துக்கு' என்ற சொல்லில்தான் எல்லா வம்பும். பிரிட்ஜ் ஒழுங்காகத் திரும்பிவந்தால் போதாது. கம்பியும் திரும்பிவர வேண்டும். பாரை அழுத்தும்போது கம்பி பிரிட்ஜில் அதைத் தாங்கும் சாடிலின் மேல் நகர்கிறது, கழுத்தின் தலைமுனையில் அதைத் தாங்கும் நட்டின் பள்ளத்துக்குள் நகர்கிறது, தலையில் அதைத் தாழ்த்திப் பிடிக்கும் ஸ்ட்ரிங் ட்ரீயின் கொக்கிக்கு அடியில் நகர்கிறது, கீயின் தண்டில் சுற்றியிருக்கும் சுற்றுகள் தளர்ந்து மறுபடி இறுகுகின்றன. இதில் எந்த ஒரு இடத்தில் கம்பி சிக்கிக்கொண்டாலும் சுருதி திரும்பாது. பழி மட்டும் ட்ரெமோலோவின் தலையில் விழும்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. ட்ரெமோலோ சுருதியைக் கெடுக்கும், அதற்கு மருந்து லாக்கிங் கீ என்று எங்கோ கேட்டதை நம்பி முதலில் கீகளை வாங்கினேன். அவற்றில் தவறு எதுவும் இல்லை. சாதாரணக் கீயில் கம்பியை மூன்று நான்கு சுற்று சுற்றுகிறோம், லாக்கிங் கீயில் ஒரு முள் கம்பியைத் தண்டுக்குள்ளேயே நெரித்துப் பிடித்துக்கொள்வதால் அரைச் சுற்று போதும். தளர்வதற்குச் சுற்றே இல்லை. கம்பி மாற்றும் வேலையும் பாதியாகிவிடும், அந்த ஒரு காரணத்துக்காகவே இப்போதும் அதை விடமாட்டேன். பழைய ஓட்டை 8.5 மி.மீ., புதுக் கீக்கு 10 மி.மீ. வேண்டும். டிரில்லை வைத்தால் பெயின்ட் சிம்பு சிம்பாகப் பெயரும் என்பதால் கூம்பு வடிவ ரீமரைக் கையால் திருகித் திருகிப் பெரிதாக்கினேன். ஒரு மாலைப்பொழுது போனது.

மாட்டி, ட்யூன் செய்தேன். டிணுக்.

அடுத்து ட்ரெமோலோ. பழையதன் பின்னால் தொங்கும் உலோகக் கட்டியான பிளாக்கில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. இரும்பாக இருந்தால் ஒட்டும். விலை குறைந்த நகல்களில் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்த மெல்லிய கட்டியைத்தான் வைப்பார்கள். பார் திருகப்படும் இழையும் அதே மெத்தென்ற உலோகத்தில் இருப்பதால் சீக்கிரம் தேய்ந்துவிடும். என்னுடையதில் பாரை மாட்டினால் ஆடும் பல் மாதிரி நாலா பக்கமும் ஆடியது. இரும்பு பிளாக் வைத்த நல்லதொன்றை வரவழைத்தேன். ஸ்ட்ராட் மாதிரிதானே, ஆறு ஸ்க்ரூதானே, எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. பழைய அமெரிக்க அளவில் இருகோடி ஸ்க்ரூக்களுக்கும் நடுவே 56 மி.மீ. இருக்கும். என்னுடையதில் 52.5. இதைக் கண்டுபிடிக்க 10 நொடி போதும், ஒரு அளவுகோல் போதும். நானோ ஒரு பக்க ஸ்க்ரூ பொருந்தியதும் மறுபக்கம் "கொஞ்சம்தான் தள்ளியிருக்கு" என்று நினைத்துப் புதிதாக ஓர் ஓட்டையைப் போட்டேன். போட்டபிறகு துல்லியமாக அளக்கும் காலிப்பரைத் தேடி எடுத்தேன். அதோடு நிற்கவில்லை. ஸ்ட்ராட்டின் உடம்பு ஏறக்குறைய 45 மி.மீ. கனம், என் பிளைவுட் 39. புது பிளாக்கை உள்ளே விட்டுப் பார்த்தால் முதுகுப்பக்கம் எட்டிப்பார்த்தது. அந்த ட்ரெமோலோ இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது, எண்ணெய்த்தாளில் சுற்றி, ஒருமுறைகூட வாசிக்கப்படாமல்.

இரண்டாவதை அளந்து வாங்கினேன். ஸ்க்ரூ இடைவெளி, சாடில்களின் இடைவெளி, பிளாக்கின் நீளம், மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு. பாருக்குக்கூட அளவு உண்டு. அமெரிக்கப் பாரின் இழை அங்குலக் கணக்கு, ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் மெட்ரிக். ஒன்றின் பாரை இன்னொன்றில் பலவந்தமாகத் திருகினால் இழை போய்விடும்.

இனி ஓட்டைகள். நான் போட்ட புது ஓட்டை ஒருபக்கம் இருக்க, பழைய ஆறும் வருடக்கணக்காகக் கம்பிகள் இழுத்ததில் முன்பக்கமாகச் சாய்ந்து முட்டை வடிவமாகியிருந்தன. மரவேலை தெரிந்தவர் என் மாமா. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஓட்டைக்குள் உற்றுப் பார்த்தார்.

"யார் போட்ட ஓட்டை மாப்ளே இது?"

"நான்தான் மாமா."

"அதான் கேட்டேன்."

தீக்குச்சியைப் பசை தொட்டுச் செருகிவிடலாமா என்று கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இங்க எவ்ளோ இழுவை இருக்கும்?" என்றார். 45 கிலோ என்றேன். "தீக்குச்சிய நம்பி 45 கிலோவக் கட்டுவியா?" அதோடு அந்த யோசனை முடிந்தது. ஏழு ஓட்டைகளையும் 6 மி.மீ. பிட்டால் சுத்தமாகக் குடைந்தார். ஆழம் மீறாமலிருக்க பிட்டின் மேல் டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டார். கடினமரக் குச்சிகளில் மரப்பசையைத் தடவி, சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டி இறக்கினார். கடைசித் தட்டில் சத்தம் மாறும், டொக் டொக் என்று வந்துகொண்டிருந்தது டக் என்று நிற்கும். "இப்ப அடியில உக்காந்திருச்சு" என்றார். ஒரு முழு நாள் காயவிட்டு, நீட்டிக்கொண்டிருந்ததை உளியால் சீவி, மட்டமாகத் தேய்த்துக் கொடுத்தார். விரலால் தடவினால் குச்சி எங்கே முடிகிறது, பலகை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

புது ஓட்டைகளை எங்கே போடுவது என்பதை மட்டும் நானே கணக்குப் போட்டேன். நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் வரை 324 மி.மீ. வந்தது. 12-ஆவது ஃப்ரெட் கம்பியின் பாதி என்பதால் இரட்டிப்பாக்கினால் 648, ஸ்ட்ராட்டின் அளவேதான். முதல் கம்பியின் சாடில் 648-க்குச் சற்றே பின்னால் நிற்க வேண்டும், ஆறாவது கம்பிக்கு இன்னும் சில மி.மீ. பின்னால். இருகோடிக் கம்பிகளின் இடத்தில் தையல் நூலை நட்டிலிருந்து இழுத்துக் கட்டி, கழுத்தின் இரு விளிம்பிலும் சம இடைவெளி விழும்வரை தகட்டை நகர்த்தி, ஊசியால் புள்ளி குத்தினேன். அதற்குப் பிறகுதான் டிரில். ஸ்க்ரூ இழையில் கொஞ்சம் சோப்பைத் தேய்த்துக்கொண்டால் மரத்தைப் பிளக்காமல் இறங்கும். ஆறையும் இறுக்கிவிடக் கூடாது, தகடு ஆட வேண்டிய கீல் அது. தகட்டின் பின்பக்கம் தூக்கத் தொடங்கும்வரை இறக்கி, பிறகு ஒரு நூல் பின்வாங்க வேண்டும்.

வயரிங்கை நீட்டி முழக்க மாட்டேன். ஒலியைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் பழைய பொட்டென்ஷியோமீட்டர்கள், சுருக்கமாக 'பாட்'கள், தேய்ந்து கரகரத்தன, 250 கிலோ ஓம் பாட்களைப் போட்டேன். அவற்றின் தண்டு தடிமனாக இருந்ததால் முன்பக்கத் தகடான பிக்கார்டின் ஓட்டையை அரம் போட்டுப் பெரிதாக்க வேண்டியிருந்தது. புதுப் பாட்டின் தண்டில் பழைய நாப் (திருகுகுமிழ்) ஏறவில்லை, பற்களின் எண்ணிக்கை வேறு. இதற்குள் இந்த மாதிரி அதிர்ச்சிகளுக்கு நான் பழகிவிட்டேன். ஒன்றே ஒன்று: குழிக்குள் ஸ்பிரிங்குகளை மாட்டும் 'நகம்' என்ற இரும்புத் துண்டில் ஒரு எர்த் கம்பி பற்றவைத்திருக்கும். கம்பிகளுக்கும் சர்க்யூட்டுக்கும் தொடர்பு அதன் வழியாகத்தான். புது நகத்தில் அதைப் பற்றவைக்க மறந்துவிட்டேன். ஆம்ப்பைப் போட்டால் ஓயாத இரைச்சல், வழக்கம்போல் கம்பியில் கை வைத்தாலும் குறையவில்லை. நகம் பெரிய இரும்புத் துண்டு, சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். சின்ன சால்டரிங் அயர்னால் ஈயம் உருண்டு உருண்டு விழுந்ததே தவிர ஒட்டவில்லை. அரத்தால் மேல்பூச்சைச் சுரண்டி, பெரிய அயர்னைக் கடன் வாங்கி வைத்தபிறகுதான் பிடித்தது.

மிதக்கும் பிரிட்ஜை ட்யூன் செய்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். ஆறாவதைச் சரிசெய்தால் முதல் ஐந்தும் இறங்கும். அவற்றை ஏற்றினால் ஆறாவது இறங்கும். அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தபிறகு ஒரு நல்ல வழி கிடைத்தது. தகட்டின் பின்விளிம்பு உடம்பிலிருந்து 3 மி.மீ. உயர்ந்து நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காலாவதியான வங்கி அட்டைகள் நான்கை அடுக்கினால் சரியாக 3 மி.மீ., ஒவ்வொன்றும் 0.76. அடுக்கைத் தகட்டுக்கு அடியில் செருகி, நகத்தின் ஸ்க்ரூக்களை நன்றாக இறுக்கிவிட்டால் ஸ்பிரிங்குகள் தகட்டை அட்டைமேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளும், அசையாது. இப்போது சாதாரணக் கிட்டார் போல நிம்மதியாக ட்யூன் செய்யலாம். முடிந்ததும் திருப்புளியால் நகத்தைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்திக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் அட்டைகள் தாமாகவே நழுவிக் கையில் விழும். அந்த இடம்தான் சமநிலை.

பாரை மாட்டினேன். ஆடவில்லை, கெட்டியாக நின்றது. ஒரு ஈ மைனர் கார்டை மீட்டி, லேசாகத் தொட்டேன். நான் கேட்ட அலை வந்தது. உற்சாகத்தில் பாரைக் கீழே வரை அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். ஜி கம்பி கூடுதலாக ஏறி நின்றது. நாராசம்.

அன்று இரவு ட்ரெமோலோவைத் திட்டித் தீர்த்தேன். மறுநாள்தான் நிதானமாகச் சோதித்தேன். பாரை அழுத்தி விட்டால் ஜி ஏறிவருகிறது. அதே கம்பியை விரலால் வளைத்து விட்டால் இறங்கிவருகிறது. யோசித்தால் காரணம் பிடிபடும். பாரை அழுத்தும்போது வாசிக்கும் பகுதி தளர்கிறது, நட்டுக்கு அப்பால் கீ வரையுள்ள துண்டு இன்னும் இறுக்கமாக இருக்கிறது. இறுக்கமான பக்கம் கம்பியைத் தன்னிடம் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது. கையை எடுத்ததும் அந்தத் துளி இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். நட் அதைக் கவ்விக்கொண்டால் வாசிக்கும் பகுதியில் கம்பி குறைச்சல், அதனால் சுருதி ஏறும். விரலால் வளைக்கும்போது இதற்கு நேர்மாறு.

பென்சிலைச் சீவி அதன் கரியை ஜி பள்ளத்தில் தேய்த்தேன். முறுக்கினேன். டிணுக் இல்லை. ட்யூனர் முள் வழுக்கிக்கொண்டு போய் நடுவில் நின்றது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சிறிது நேரம் எதுவும் செய்யாமல் இருந்தேன்.

தொழிற்சாலையில் மெல்லிய 9 செட்டுக்காக வெட்டிய பள்ளத்தில் நான் இத்தனை வருடமும் தடித்த 10 செட்டைத் திணித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கரி நிரந்தர மருந்தல்ல. 600 நம்பர் உப்புத்தாளை ஒரு பழைய கம்பியில் சுற்றிப் பள்ளத்தை அகலப்படுத்தினேன். ஆசை விடவில்லை, இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தேன். பள்ளம் ஆழமாகிவிட்டது, திறந்த ஜி முதல் ஃப்ரெட்டில் பட்டு ஜர்ர் என்றது. சமையல் சோடாவைத் தூவி ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டால் நொடியில் கல்லாகிவிடும், அதை மறுபடி வெட்டிக்கொள்ளலாம். அப்படித்தான் சில வாரம் ஓட்டினேன். பிறகு எலும்பில் ஒரு புது நட்டை, இந்தமுறை பொறுமையாக, நானே வெட்டி வைத்தேன்.

உண்மையைச் சொன்னால் இரும்பு பிளாக்கால் ஒலி எவ்வளவு மாறியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நட், கீ, பிளாக், பாட் எல்லாவற்றையும் மாற்றியபிறகு எது எதைச் செய்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஒலி நீள்கிறது என்று தோன்றுகிறது. கைக்காசு போட்டவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

மாமா வந்திருந்தபோது வாசித்துக் காட்டினேன். பாரைக் காட்டி, "இந்தக் குச்சிக்கா இவ்ளோ பாடு?" என்றார். ஆமாம் என்றேன். தகட்டின் ஓரத்தில் விரலை வைத்துத் தன் அடைப்புகள் பிடித்திருக்கின்றனவா என்று பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் காபி கேட்டார்.

ஜி இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது. பி கம்பி மட்டும் பாரைப் பலமாக அழுத்தினால் ஒரு முடியளவு ஏறிவருகிறது. நட்டைத் துடைத்துப் பார்த்தாயிற்று, அங்கே குற்றமில்லை. அதற்கு மேலே இருக்கும் ஸ்ட்ரிங் ட்ரீயின் தகரக் கொக்கிதான் பிடிக்கிறது, அடிப்பக்கம் விரல் நகத்தால் வருடினால் சொரசொரப்பு தெரிகிறது. உருளை வைத்த ஒன்றைப் போடலாம். ஸ்க்ரூ எத்தனை மி.மீ. என்று காலிப்பரில் பார்த்துக் காகிதத்தில் எழுதிவைத்திருக்கிறேன், இன்னும் ஆர்டர் போடவில்லை.